அட்டைக்குப் போட்ட கூப்பாடு

அப்போது என்னிடம் உருப்படியாக இருந்த ஒரே உறுப்பு தொண்டைதான். படிப்புக்கு மூளையும் வேலைக்குக் கையும் ஒத்துழைக்காத ஐந்தாம் வகுப்புக்காரியை வீட்டில் விட்டால் தெரு தாங்காது என்று, காலாண்டு லீவில் அம்மா என்னையும் ஜீப்பில் திணித்து, கம்பம்மெட்டுக்கு மேலே, தான் காய் எடுக்கிற ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். என் திறமையைக் கேள்விப்பட்டு எஸ்டேட்டில் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப்பின் முன் சீட்டு ஒரு மேலத்தெரு அக்காவுக்கு. காலனிக்காரிகளான எங்கள் மேல் உரசாமல் இருக்க, கியர் கம்பி இடிக்க இடிக்க டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். பின்னால் நாங்கள், மூட்டைகள் மாதிரி. அதில் ஒரு மூட்டை என் சித்தி.

தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற கங்காணிக்கு அந்த வருஷம் சித்தி மேல் கண். அவன் போட்ட கணக்கு இப்போது எனக்குப் புரிகிறது. புருஷன் விட்டுப்போனவள், கேட்க ஆளில்லை. காலனிக்காரி, சொன்னாலும் ஊர் நம்பாது. மாநில எல்லை தாண்டி வந்த தமிழ்நாட்டுக்காரி, புகார் என்று போனால் மலைமேல் இருக்கிற ஸ்டேஷன் கீழே போ என்னும், கீழே இருக்கிறது மேலே போ என்னும்.

ஏலச்செடி ஆளை மறைக்கும். அதனால் காய் எடுக்கிற பெண்கள் கூவித்தான் ஒருத்தியை ஒருத்தி தேடிக்கொள்வார்கள். ஒரு கூவல் என்றால், இங்கன இருக்கேன். விடாமல் கூவினால் ஆபத்து. எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும். முதல் நாளே அதைச் சோதித்துப் பார்த்தேன். ஓடி வந்தார்கள். முதுகு பழுத்தது.

அடுத்த நாள் மழை. எடை போட சித்தியை மட்டும் ஸ்டோருக்கு வரச்சொன்னான் கங்காணி.

"அவுக கூப்புட்டாக, போகாட்டி நாளைக்கு ஜீப்புல இடமில்ல" என்று சித்தி முணுமுணுத்தாள். அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள். "கூடவே போடி. சித்தி சேலைய விடாத."

கங்காணி என்னை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினான். குனிந்து பார்த்தால் கெண்டைக்காலில் அட்டை. அட்டைக்கெல்லாம் கூவக்கூடாது என்று தெரியும். ஆனால் ரத்தம் என்னுடையதல்லவா? மலை அதிர, விடாமல் கூவினேன்.

முதலில் வந்தது முன் சீட்டு அக்கா. பின்னாலேயே காய் சிதற அம்மாவும் மற்றவர்களும்.

"எங்கனடி பாம்பு?"

காலைக் காட்டினேன்.

"அடி வெளங்காதவளே, அட்டைக்கா இந்தக் கூப்பாடு!" அக்கா ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. கதவைப் பார்த்தாள். "ஒன் சித்திய எங்க?"

நான் சொல்வதற்குள் கதவை மிதித்தாள்.

உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் சித்தி எடைக்கல்லை ஓங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்த பிறகும் கல் கீழே இறங்கவில்லை. காய் எடை போடுவதாகக் கங்காணி குழறினான்.

"கதவச் சாத்திக்கிட்டு என்னய்யா எடை? எங்களையும் போடு, பாப்போம்!" என்று அக்கா நுழைய, எல்லாரும் நுழைந்தார்கள்.

நாளையிலிருந்து ஒருத்தியும் வரவேண்டாம் என்று அவன் கத்தினான். "வந்தாத்தானய்யா!" என்றாள் அம்மா. காய் மும்முரமாக வருகிற நேரத்தில் எல்லாரும் சாக்கைப் போட்டுவிட்டு நடந்தார்கள். என் காலைக் கடித்த ஒரு அட்டைக்காக எஸ்டேட்டையே உதறிவிட்டார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புது எஸ்டேட்டுக்குப் போகும்போதும் அந்த அக்கா முன் சீட்டில்தான் உட்கார்ந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அவளையும் சேர்த்து அந்தப் பெண்களை நினைக்கும்போதெல்லாம் கை தானாகக் கும்பிடுகிறது. முந்தின நாள் ஏமாற்றின கழுதைதானே கூவுகிறது என்று ஒருத்தியாவது நின்று யோசித்திருந்தால்?

அன்று மலை இறங்குகையில் சித்தியை நடுவில் உட்கார வைத்து ஆளாளுக்கு நெருக்கிக்கொண்டார்கள். சித்தி சத்தமில்லாமல் அழுதாள். பாவம், இடம் பத்தவில்லை போல என்று நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.