கட்டை சரிந்தால் என்ன செய்வது

நேற்று காளிகாட் மெட்ரோவில் ஒரு குழந்தை வீறிட்டது. அம்மா போனை நீட்டினாள், அழுகை அதோடு நின்றது. நல்லதுதான். ஒரு காலத்தில் அந்த போன் செய்கிற வேலையை நான் செய்துகொண்டிருந்தேன்.

இதே ஊரில், டாக்குரியாவில் ஒரு பழைய வீட்டுக் கீழ்த்தளம். எந்நேரமும் கடுகெண்ணெய் நெடி. அங்கேதான் பிளே ஸ்கூல். நடத்தியவரைப் பெரிய தீதி, அதாவது பெரியக்கா, என்போம். அவர் சட்டம் ஒன்றுதான்: அழுகிற குழந்தைக்குப் புத்தி சொல்லக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து நாமே செய்து காட்ட வேண்டும். அதற்கு என்னைப் போட்டார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பால் பொங்கினால் பாலையே திட்டுவேன்.

அப்போது சேர்ந்தான் செல்வம். மூன்று வயசு, துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்தவர் பிள்ளை. பெங்காலி தெரியாது. கையில் கிடைத்ததை எறிவான், அப்புறம் அழுவான். தமிழ் பேச ஆள் கிடைத்ததும் அவன் அம்மா வாசலிலேயே கண்கலங்கினாள். "அக்கா, பூஜா லீவுக்குள்ள இவன் பழகலன்னா எங்க ரெண்டு பேரையும் தூத்துக்குடிக்கே அனுப்பிருவேன்னுட்டாவ இவன் அப்பா. அவுகள விட்டுட்டு நான் அங்க போயி என்ன செய்ய?"

ஆகவே, ஒரு குடும்பம் பிரியாமலிருக்க, நான் தினமும் தரையில் உட்கார்ந்து மரக்கட்டை அடுக்கினேன். சரிந்தால் கன்னத்தை உப்பி, மெல்ல மூச்சை விட்டு, மறுபடி அடுக்குவேன். செல்வம் பார்ப்பான், அவ்வளவுதான். எம்.ஏ. படித்தவள் தனியாகக் கட்டை விளையாடுவதைச் சமையல்காரம்மாவும் வந்து பார்ப்பாள்.

ஒருநாள் கோபுரம் அருமையாக எழும்பியிருந்தது. புபாய் என்கிற பொடியன் ஓடிவந்து காலால் தட்டிவிட்டான். "கருமம்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். பிறகுதான் உத்தியோகம் ஞாபகம் வந்து கன்னத்தை உப்பினேன்.

மறுநாள் செல்வமே அடுக்கினான். சரிந்தது. எறியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு "கருமம்!" என்றான், கன்னத்தை உப்பினான், மூச்சை விட்டான், மறுபடி அடுக்கினான். ஒரு வாரத்தில் வகுப்பு முழுக்க, அத்தனை பெங்காலிக் குழந்தைகளும், "கொருமோம்" என்று தலையிலடித்துக்கொண்டு அமைதியானார்கள்.

அது என்ன வார்த்தை என்று பெரிய தீதி கேட்டார். "மனசு அடங்க எங்க ஊர்ல சொல்றதுதான் தீதி" என்றேன்.

"நல்லா வேலை செய்யுதே" என்றார்.

பூஜை விடுமுறை முடிந்தது. செல்வம் வந்தான், அவன் அம்மாவோடு. ஊருக்கு அனுப்பும் பேச்சே நின்றுபோயிற்றாம். நான் கட்டைகளோடு தயாராக உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைத் தாண்டிப் போய் புபாயோடு மணலில் இறங்கிவிட்டான். அவன் அம்மா சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். கட்டைகளை நானே பெட்டியில் அள்ளிப் போட்டேன்.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பெரிய தீதி போய்ச் சேர்ந்துவிட்டார். தரையில் உட்கார்ந்தால் என்னை எழுப்ப ஆள் வேண்டும். செல்வம் எந்த ஊரில் இருக்கிறானோ. என்னை மறந்திருப்பான். மறக்கத்தானே அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்தேன்? இருந்தாலும் பாவி, அன்றைக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.