அண்ணன் கொடுத்த அணுக்கள்

ரோகிணி திருநகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஆசிரியை. ரத்தப் புற்றுநோய் வந்து, அண்ணன் பாண்டியராஜனின் ஸ்டெம் செல்லை, ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல செல்லை, ஏற்றிக்கொண்டு பிழைத்தவள். வேலைக்குத் திரும்பலாம் என்றிருந்தபோது காய்ச்சல் வந்தது. கழுத்தில் நெல்லிக்காய் பருமனுக்குக் கட்டிகள். பக்கத்து கிளினிக்கில், "சாதாரண இன்ஃபெக்‌ஷன்மா" என்று மாத்திரை எழுதினார்கள்.

"ஸ்டெம் செல் மாத்துன உடம்பு சார், நல்லாப் பாருங்க."

"சும்மா பயப்படாதீங்க."

கட்டி பெருத்த பிறகு, ஸ்டெம் செல் ஏற்றிய டாக்டர் தமிழ்வாணியிடமே போனாள். கட்டியில் சதை எடுத்துச் சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "நிறையப் பேர் உடம்புல சும்மா கெடக்குற வைரஸ்தான். புது செல் உங்களத் தாக்கிறக் கூடாதுன்னு எதிர்ப்புச் சக்திய மாத்திரையால அடக்கி வச்சிருக்கோம்ல, அந்த நேரம் பாத்து முழிச்சிருச்சு. அது புகுந்ததால, அண்ணன்கிட்ட இருந்து வந்த வெள்ளணுதான் கட்டியாப் பெருகுது."

கூட நின்ற பாண்டியராஜன் விருட்டென்று வெளியே போனான். அதற்குப் பிறகு தங்கை வீட்டுப் பக்கம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் குறைத்து, வேறு மருந்து ஏற்றினார்கள். கட்டிகள் சுருங்கி, மறுபடி வீங்கின. "அண்ணனோட வெள்ளணு இன்னுங் கொஞ்சம் வேணும். இந்த வைரஸ எதிர்க்கிற செல்லும் அதுலதான் இருக்கு" என்றார் டாக்டர்.

ரோகிணி முகக்கவசம் மாட்டிக்கொண்டு திருப்பரங்குன்றத்திலிருந்த அண்ணனின் டயர் கடைக்குப் போனாள்.

"போன எடுக்க மாட்டியாண்ணே?"

"எங்கிட்ட வந்ததுதான் உன்னையக் கொல்லுது. இன்னமும் அதவே கேக்குறியா?"

"டாக்டர் சொன்னதுல பாதியக் கேட்டுட்டு ஓடி வந்துட்ட. கிளினிக்ல எம்பேச்சக் கேக்கல. வீட்ல சாமி குத்தம்ங்கிறாக. நோயோட மல்லுக்கட்டவே தெம்பில்ல, இதுல உன்னையச் சமாதானம் பண்ணவும் நாந்தான் பஸ் ஏறி வரணுமா?"

கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாண்டியராஜன் கையிலிருந்த கரியைத் துடைத்தான். பிறகு ஷட்டரை இழுத்துவிட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

அவன் கொடுத்த அணுக்கள் வேலை செய்தன. கட்டிகள் மெல்லக் கரைந்தன. ஆனால் அதே அணுக்கள் அவள் தோலையும் தாக்கின. உடம்பெங்கும் தடிப்பு, வாயெல்லாம் புண். ரசம்கூட எரிந்தது. வெயிலில் நிற்கக் கூடாது என்றதும், பள்ளியில் மைதானத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அவளை நூலகத்தில் உட்கார வைத்தார்கள்.

"கட்டி போயிருச்சுல்ல, சந்தோஷப்படுங்க டீச்சர்" என்றார்கள் உடன் வேலை பார்த்தவர்கள்.

"சந்தோஷந்தான். அதுக்காக மத்தது எதையும் பேசக் கூடாதா?" என்று சுள்ளென்று விழுந்தாள்.