பெரிய டீச்சர் கொடுத்த முப்பத்து நான்கு அட்டைகள்

ஜோதிலட்சுமி டீச்சரைப் போல ஒரு பயந்த பிறவியை நான் பார்த்ததில்லை. பல்லிக்குப் பயம், வட்டாரக் கல்வி ஆபீஸ் போனுக்குப் பயம், ஆடிக் காற்றில் கதவு அடித்தால் பயம். வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும், "பாண்டீஸ்வரி, இத வாசி, நம்மளத்தான் சொல்றாகளா?" என்று என் மேசைக்கு ஓடி வந்துவிடுவார். ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் நாங்கள் இரண்டே பேர். அவர் தலைமை ஆசிரியர். பிள்ளைகளுக்குப் பெரிய டீச்சர். நான் சின்ன டீச்சர். பதினோரு வருடம் அவருடைய பயத்தைக் கேலி செய்தே பொழுதை ஓட்டினேன். எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம், ஊருக்கே தெரியும்.

டீச்சர் கூடலூரில் பிறந்தவர். அப்பா குமுளிக்கு ஜீப் ஓட்டினாராம். மலைப்பாதையில் போன ஜீப் திரும்பி வரும்வரை அம்மா வாசலிலேயே நிற்பாராம், பக்கத்தில் இவரும் நிற்பாராம். "அங்கன நின்னு நின்னு பழகுனதுதான் இந்தப் பயம்" என்பார். கல்யாணமாகி அல்லிநகரம் வந்து, தினமும் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வந்தார். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. அதுவும் பயம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மே மாதம் ஓர் உத்தரவு வந்தது. பள்ளி வளாகத்தில் பழுதான கட்டடங்களை, சீட் போட்ட கூரைகளை, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அகற்றிவிட்டு போட்டோ அனுப்ப வேண்டும். எங்கள் பழைய வகுப்பறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. காற்றில் பறந்துவிடாமல் இருக்க ஊர்க்காரர்கள் அதன்மேல் கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கல் என்றைக்குப் பிள்ளைகள் தலையில் விழுமோ என்று டீச்சர் நித்தமும் செத்துப் பிழைத்தவர். உத்தரவு வந்ததும் கும்பிட்டே விட்டார். கூரை வேலை பார்க்கிற சின்னக்கருப்பு வந்தார், ஒரே நாளில் பிரித்துப் போட்டார். இருபத்தாறு சீட். முழுசாக இருந்த பதினெட்டை ஆட்டுக் கொட்டகைக்கும் வீட்டு முகப்புக்கும் ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உடைந்தது எட்டு மிஞ்சியது.

பள்ளி திறந்த இரண்டாம் நாள் மழை. கேட்டுக்கு முன்னால் எப்போதும் போலச் சேறும் தண்ணீரும் தேங்கிப் பிள்ளைகள் வழுக்கி விழுந்தார்கள். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "இந்த உடைசலப் பொடிப்பொடியா நொறுக்கிப் போட்டா மேடாயிரும்ல டீச்சர்?" என்றேன்.

சம்மட்டியை எடுத்ததும் நான்தான். முப்பத்து நான்கு பிள்ளைகளும் வரிசையாகத் துண்டுகளைச் சுமந்து வந்தார்கள். அப்போது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த என் மகள் திரிஷாவும் அதில் ஒருத்தி. நான் அடிக்க அடிக்க வெள்ளைப் புழுதி கிளம்பியது. பிள்ளைகள் முகமெல்லாம் பவுடர் பூசின மாதிரி ஆனது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். "ஏத்தா, தூசியப் பாரு, புள்ளைகளுக்குச் சளி பிடிச்சுக்கிரும்." நான் சிரித்தேன். "அட போங்க டீச்சர், தூசிக்கும் பயமா?" ஒரு குடம், இரண்டு குடம் ஊற்றினார். அப்புறம் ஆபீஸ் போன் வந்தது, உள்ளே போய்விட்டார். நான் காய்ந்த துண்டுகளை அடித்து முடித்தேன்.

மேடு நன்றாகத்தான் அமைந்தது. பிள்ளைகள் அதன்மேல் நொண்டிப் பாண்டி ஆடினார்கள். கோடு போடவும் அந்தத் துண்டுதான், எறிகிற சில்லும் அந்தத் துண்டுதான். இரண்டு மாதம் ஆடினார்கள்.

ஆகஸ்டில் தேனியில் கட்டடப் பாதுகாப்புப் பற்றித் தலைமை ஆசிரியர்களுக்குக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை, நேரே பள்ளிக்கு வந்தார். நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். பேயறைந்த முகம்.

"பாண்டீஸ்வரி, அன்னிக்கு எத்தன புள்ளைக வந்திருந்துச்சு?"

"எல்லாந்தான். முப்பத்தி நாலு. ஏன் டீச்சர்?"

"திரிஷா?"

"அவளுந்தான்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் பேசிய இன்ஜினியர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தச் சீட்டை உடைக்கவே கூடாதாம். நனைத்து, முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டுமாம். அந்தத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறதாம், மூச்சோடு உள்ளே போனால் நெஞ்சில் தங்கிவிடுமாம். வெளியே திரிஷா அந்த மேட்டில் நொண்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் கையில் இருந்த சில்லைப் பிடுங்கினேன். எதற்கென்று தெரியாமல் பிள்ளை அழுதாள்.

மறுநாளே மேட்டை நனைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கேட்டு டீச்சர் ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். போனுக்கே நடுங்குகிறவர், ஆள் மாற்றி ஆள் பிடித்துப் பேசினார். கடைசியில் அங்கேயே செம்மண் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டுக் கொடுத்தார்கள். "அதான் மூடியாச்சே, இன்னும் என்னத்தக்கா பயம்?" என்று ஓவர்சியர் கேட்டார். மண்ணில் கிடந்ததை மூடலாம். உள்ளே போனதை எதைப் போட்டு மூடுவது?

அதன்பிறகு வகுப்பில் ஒரு பிள்ளை இருமினால் போதும், டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழும். இரண்டு பிள்ளைகளைத் தேனிக்கு ஒரு நெஞ்சு டாக்டரிடமே அழைத்துப் போய்விட்டார். அவர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னாராம்: இந்த இருமலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த அளவு தூசிக்கு ஒன்றும் வராமலே போக வாய்ப்பு அதிகம். ஒருவேளை வந்தால் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான். அன்றைக்குப் பார்க்கிற டாக்டருக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீச்சருக்கோ இருந்த உயிரும் போனது. "முப்பது வருசம் கழிச்சு நான் இருக்க மாட்டேனே, பாண்டீஸ்வரி. அப்ப இதுகளுக்கு யார் சொல்லுவா?"

பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஓய்வு பெறப் போகிற நேரம், ஒரு புகார் போனாலும் பென்ஷன் நிற்கும், ஊரே திரண்டு வரும் என்று அவரை இன்னும் பயமுறுத்தினேன். அவர்மேல் அக்கறை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சம்மட்டி பிடித்தவள் நான். நான் பயந்தது எனக்காக. ஒன்றரை வருடம் இப்படியே அவர் வாயை அடைத்தேன்.

இந்த ஏப்ரலில் பள்ளி மேலாண்மைக் குழுவின் கடைசிக் கூட்டம். படித்து முடித்துப் போன பிள்ளைகளின் வீட்டாரையும் சேர்த்து வரச் சொல்லியிருந்தார். டீச்சர் எழுந்து நின்றார். ஒன்று விடாமல் சொன்னார்.

சொல்லி முடித்ததும் குழுத் தலைவி ராஜாத்தி சிரித்துவிட்டார். "என்ன டீச்சர், எங்க வீட்டுக் கூரையே அதானே? இருவது வருசமா அதுக்குக் கீழதான படுத்துக் கிடக்கோம்!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"சும்மா கிடக்கிற கூரைய விட, உடைக்கிறதும் அறுக்கிறதுந்தான் ரொம்ப மோசமாம் ஆத்தா" என்றார் டீச்சர்.

அப்போதுதான் பின்னால் நின்ற சின்னக்கருப்பு பேசினார். பேத்தியைக் கூப்பிட வந்தவர். "டீச்சர், நான் இருவத்தஞ்சு வருசமா இதத்தான் அறுக்கேன், ஓட்ட போடுதேன். மாடி ஏறுனா இப்பல்லாம் மூச்சு வாங்குது. வயசுன்னுல்ல நெனச்சேன்?"

சிரிப்பு அப்படியே நின்றது. டீச்சர் அவர் அருகில் போய், "நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம்ணே, நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பையிலிருந்து அட்டைக்கட்டு ஒன்றை எடுத்தார். லேமினேஷன் போட்ட முப்பத்து நான்கு அட்டைகள், பிள்ளைக்கு ஒன்று. பிறப்புச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளச் சொல்லிப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். சின்னக்கருப்புக்கு, அவர் பார்த்த வேலையைச் சொல்லி, ஒரு தாளில் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

என் மகளுடையதை நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மேசையில் வைத்தபோது திரிஷா பிடுங்கிக்கொண்டாள். இப்போது இரண்டாம் வகுப்பு முடிக்கிறாள், எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விடமாட்டாள். விரல் வைத்து உரக்க வாசித்தாள்:

"திரிஷா. ஆறு வயதில், பள்ளியில், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் இரண்டு மாதம் விளையாடியவர். பிற்காலத்தில் மூச்சுத் திணறலோ, ஆறாத இருமலோ வந்தால் இதை மருத்துவரிடம் காட்டவும். உடைக்கச் சொன்னவர்: தலைமை ஆசிரியர் ஜோ. ஜோதிலட்சுமி."

விரல் அங்கேயே நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரிய டீச்சர் தண்ணிதானம்மா ஊத்துனாக. நீதான சம்மட்டி வச்சிருந்த?"

எந்தப் புகாருக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாத்தா" என்றேன். "நான்தான்."

மறுநாள் காலையில் டீச்சருக்கு முன்னால் பள்ளிக்குப் போனேன். கடைசி வரியில் என் பெயரை எழுத வேண்டும் என்று முப்பத்து நான்கு அட்டையையும் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன்.