சுவர் கிடைக்காத வேட்பாளர்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆழ்வார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். காலையில் பெருக்கித் துடைக்க வரும் அக்காவுக்கு அடையாற்றங்கரையில் குடிசை. அங்கிருப்பவர்களைக் காலி செய்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப் போவதாகப் பேச்சு. எந்தக் கட்சிக்காரரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபத்தில் தேர்தலில் அக்கா சுயேச்சையாக மனு போட்டுவிட்டார். கூடைச் சின்னம் கிடைத்தது. அதை வரையத்தான் சுவர் கிடைக்கவில்லை. மயிலாப்பூரிலிருந்து அபிராமபுரம் வரை எல்லாச் சுவர்களிலும் கட்சிகள் எப்போதோ பெயர் எழுதி முன்பதிவு செய்திருந்தன.

எனக்கு அப்போது இண்டர்நெட் பைத்தியம். “இந்தச் சுவரை எவனும் ரிசர்வ் பண்ண முடியாதுக்கா” என்று அலட்டிக்கொண்டு, அவருக்காக ஒரு பக்கம் தயாரித்தேன். அவர் சொல்லச் சொல்ல ஆற்றங்கரைக் கதையை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முகம் தெரியாத தமிழர்கள் எழுதினார்கள்.

“இன்னா நைனா, யாருனா எழுதிகீறாங்களா?” என்று தினமும் துடைப்பத்தோடு வந்து நிற்பார். படித்துக் காட்டுவேன். முகமெல்லாம் பல்லாகிவிடும்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். அக்காவை முதலாளியின் சுழல் நாற்காலியில், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னேன்.

“வேணாம் நைனா, நான் நின்னுக்கினே கீறேன்.”

நான் விடவில்லை. அவ்வளவு அவசரம் எனக்கு. படம் பெரிதாக வந்தது. இரண்டே நாளில் எதிராளிகள் அதை ஜெராக்ஸ் எடுத்து ஆற்றங்கரையில் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். ‘வெளிநாட்டுக்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறாள்’ என்று பேச்சு பரவியது. கூடவே நடந்து ஓட்டுக் கேட்ட பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நான் பக்கத்தை இன்னும் அழகாக்கிக்கொண்டிருந்தேன். மடையன்.

தோற்ற மறுநாளும் அக்கா வழக்கம்போல் பெருக்க வந்தார்.

“என் வூட்டுக்காரரே எனக்குப் போடலியாம், நைனா. அந்தப் படத்தப் பாத்து அவருக்கே சந்தேகம் வந்துடுச்சாம்.”

பெருக்கிக்கொண்டே கேட்டார்: “லெட்டர் போட்டவங்க கேட்டா இன்னா சொல்லுவ?”

“தெரியலைக்கா.”

“ஜெயிச்சிட்டேன்னு எழுதிடு. அவங்களாச்சும் சந்தோசமா இருக்கட்டும்.”

மனசில்லாமல்தான் அப்படியே எழுதினேன். வாழ்த்துகள் வந்தன. அதே வாரம் ஆற்றங்கரைக்கு லாரிகளும் வந்தன.

அக்காவின் சட்டி பானைகளை லாரியில் ஏற்றிவிட நானும் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் என்னைக் கண்டதும் கத்தினாள்: “இவன்தான் அந்தப் படம் எடுக்க வச்சவன்! இவனாலதான் எல்லாம்.”

அவள் சொன்னது உண்மை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

லாரியின் மேலிருந்த அக்கா, “சும்மா கெட, அது எங்க வூட்டுப் புள்ள” என்று சொல்லிவிட்டு, கீழே கிடந்த பாயை எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் கை நீட்டினார்.