பிரான்சுக்குப் போன குறட்டை

பழிவாங்கும் குணம் எனக்குக் கிடையாது என்று நாற்பத்தொரு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். வாய்ப்பு வராமலிருந்ததைத்தான் குணம் என்று நினைத்திருக்கிறேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், முதலியார்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில், அந்த வாய்ப்பு வந்தது.

அந்த மாடிதான் எங்கள் கம்பெனி. இணையதளம் செய்து கொடுப்போம். மொத்தம் நான்கு பேர்: முதலாளி, டீம் லீடர், பக்கங்களை வடிவமைக்கும் ஒரு பெண், நான். டுடோரியலில் பதினைந்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தலையணைக் கனத்தில் ஒரு புத்தகம் வாங்கி, இணையதளத்தை இயக்கும் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டு வந்தவன் நான். அதனால் எல்லோருக்கும் நான் வாத்தியார். லீடருக்கு முப்பது வயது இருக்கும். அரியாங்குப்பத்திலிருந்து பாலம் தாண்டி பைக்கில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே ஆங்கிலம் பேசத் தொடங்கிவிடுவார்.

முதலாளி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். 'முசியே' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயரும் பிரெஞ்சுதான்: பத்ரோன், அதாவது முதலாளி. ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்தினாரானால் மூன்றரைக்குத்தான் திறப்பார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கத்தில் பாதிக் கடைகள் அந்நேரம் ஷட்டரை இறக்கிவிடும் ஊரில் முதலாளி தூங்குவது ஒரு குற்றமில்லை. ஆனால் கதவு மெல்லியது, குறட்டை கனமானது.

கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதிக்கு இணையதளம் செய்துகொண்டிருந்தோம். அறை வேண்டும் என்று யாராவது படிவத்தை நிரப்பினால், எங்கள் ஸ்கிரிப்ட் அதைப் பிரான்சில் இருக்கும் ஒரு பயண ஏஜென்சியின் சர்வருக்கு அனுப்ப வேண்டும். ஏஜென்சியின் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து கையால் நிரப்பி அனுப்பினால் பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது. அதே விவரத்தை ஸ்கிரிப்ட் அனுப்பினால் வெற்றுப் பக்கம் திரும்பி வந்தது. லீடர் ஒரு வாரம் முட்டிப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"வாத்தியாரே, சின்ன விஷயம்தான். நீங்களே பாத்துடுங்க."

அவரால் முடியாததற்கெல்லாம் 'சின்ன விஷயம்' என்று பெயர்.

அந்த வாரம்தான் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தி, 'சரி, அப்படியானால்' என்பதற்கு அவர் போடும் பிரெஞ்சோடு தொடங்கினார்: "அலோர், அடுத்த மாசத்துலேர்ந்து ஸ்கிரிப்ட் எழுத ஒரு ஆளுக்குத்தான் வேல இருக்கு. பிரான்ஸ் வேலைய யாரு முடிக்கிறாங்களோ அவரு இருக்கட்டும்." டுடோரியலில் நான் விட்டுவந்த நாற்காலியில் என்னிடம் படித்த பையனே உட்கார்ந்திருந்தான். என்னைவிட நன்றாக நடத்துகிறான் என்று பேச்சு. எனக்குத் திரும்பிப் போக இடமில்லை.

வந்த பதிலை வெறித்துப் பார்த்துப் பயனில்லை, அனுப்பியதைத்தான் பார்க்க வேண்டும் என்று மூன்றாம் நாள் புத்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லும்போது மேலே 'அனுப்புநர், பெறுநர்' என்று போடச் சொல்வார்கள் இல்லையா, அதுபோலப் பிரவுசரும் எதைக் கேட்பதற்கு முன்னாலும் சில வரிகளை அனுப்புகிறது. நான் இன்ன பிரவுசர், எனக்கு இன்ன மொழி தெரியும், இன்ன பக்கத்திலிருந்து வருகிறேன். இவற்றுக்கு ஹெடர் என்று பெயர். திரையில் தெரியாது, தேடிப் போனால்தான் தெரியும். ஸ்கிரிப்ட் அனுப்புவதைப் பிரான்சுக்கு விடாமல் என் கம்ப்யூட்டருக்கே திருப்பி, வந்ததை வந்தபடி அச்சிட வைத்தேன். பிரவுசர் அனுப்பியதையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிரவுசர் ஒன்பது வரி அனுப்பியிருந்தது. நம் ஆள், ஸ்கிரிப்ட், இரண்டே வரி. யார், எங்கிருந்து என்று எதுவுமில்லை. நேரே போய் 'ரூம் குடு' என்று நின்றிருக்கிறான்.

பாரீசில் ரொட்டிக் கடைக்குள் நுழைந்து 'பொன்ழூர்' என்று வணக்கம் சொல்லாமல் ரொட்டி கேட்டால் தரமாட்டான் என்று முதலாளி வாரம் ஒருமுறையாவது சொல்வார். அதுவரை நான் நம்பியதில்லை.

விட்டுப்போன வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அனுப்பிப் பார்த்தேன். நூறு தடவையாவது இருக்கும். அச்சான கும்பலில் ஸ்கிரிப்ட் அனுப்பியது எது, பிரவுசர் அனுப்பியது எது என்று குழம்பியதால், ஸ்கிரிப்ட் அனுப்புவதில் ஓர் அடையாள வரியைச் சொருகினேன். நாமே இட்டுக்கட்டிய வரியை எந்தச் சர்வரும் கண்டுகொள்ளாது; அதை 'எக்ஸ்' என்ற எழுத்தோடு தொடங்குவது வழக்கம். அப்போது மணி இரண்டேகால். கதவுக்குப் பின்னால் கச்சேரி உச்சத்தில் இருந்தது. ஆங்கில எழுத்தில் இப்படி அடித்தேன்:

எக்ஸ்-பத்ரோன்: குறட்டை விடுகிறார்.

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லும் வரியைச் சேர்த்ததும் பிரான்ஸ் கதவைத் திறந்தது. அது வெள்ளிக்கிழமை. பொதுவான ஃபோல்டரில் போட்டுவிட்டு, கொழுந்தியாள் குழந்தையின் காதுகுத்துக்குச் சனிக்கிழமை லீவு எடுத்துப் போனேன். காது குத்தப்பட்டது யாருக்கு என்பது திங்கட்கிழமை தெரிந்தது.

"லீடர் முடிச்சிட்டாரு, தெரியுமா?" என்றார் முதலாளி, நான் படியேறி வந்த உடனே. "நாளைக்கு நாலு மணிக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டுறாரு."

ஃபோல்டரைத் திறந்தேன். ஸ்கிரிப்டின் தலையில் இருந்த என் பெயர் போய், லீடரின் பெயர் இருந்தது. ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. என் எழுத்துப்பிழைகள் அவர் பெயரில் பத்திரமாக இருந்தன.

வடிவமைக்கும் பெண் என்னை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடலோரப் பிள்ளைச்சாவடிப் பெண், வாயைத் திறந்தால் தயவு கிடையாது.

"உங்களுதுன்னு காட்ட அதுல ஏதாவது அடையாளம் இருக்குதாண்ணே?"

"இருக்குது. அனுப்புற வேலைக்கு வேற ஃபைலு. அத அவரு தொறக்கவே இல்ல. அதுல இருக்குது."

"அப்புறம் என்னா? காட்டுங்க."

"காட்ட முடியாது."

"ஏன்?"

சொன்னேன். சிரித்ததில் அவள் டீ பாதி தரைக்குப் போனது. "ஒண்ணு வேல போவும், இல்ல மானம் போவும்ணே. ரெண்டும் சேந்து போறதுக்கு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

அவள் சொன்னது சரி. தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஒரே நீதிபதியைப் பற்றித்தான் என் ஒரே சாட்சி பேசியது. வரியை அழித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் மறுநாள் காலை லீடர் வந்து, என் தோளில் கைபோட்டு, "கவலப்படாதீங்க வாத்தியாரே, டுடோரியல் எதுலயாவது சொல்லி வைக்கிறேன்" என்றார். அந்தக் கையின் எடையில் என் தயக்கம் நசுங்கிப்போனது. நான் போவதானாலும் இந்த ஆள் இங்கே உட்காரக் கூடாது.

நாலு மணி. முதலாளி கன்னத்தில் தலையணை மடிப்போடு வந்து அமர்ந்தார். லீடர் படிவத்தை நிரப்பி அனுப்பினார். பிரான்ஸ் ஒத்துக்கொண்டது. "பியாங்!" என்று பிரெஞ்சில் பாராட்டினார் முதலாளி.

"ரொம்ப நல்லா வந்திருக்குது" என்றேன். "எல்லா வரியும் நீங்களே எழுதினதா?"

"எல்லா வரியும்" என்றார் லீடர். "ஏன், சந்தேகமா?"

"சேச்சே. முசியே, கெஸ்ட்டோட பேரு, போன் நம்பரெல்லாம் வெளிநாட்டுக்குப் போவுது. கூட என்னென்ன போவுதுன்னு ஒரு தடவ பாத்துட்டா நல்லது."

"அதான் வேல செய்யுதே, எதுக்கு?" என்றார் லீடர்.

"பாக்கலாமே" என்றார் முதலாளி. அவருக்குப் பிரான்சுக்குப் போகிற எதையும் பார்க்கப் பிடிக்கும்.

ஸ்கிரிப்டை என் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிட்டேன். வரிகள் திரையில் இறங்கின. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். விரல் ஆறாவது வரியில் நின்றது. அதை மட்டும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

"இது யாரு எழுதினது?"

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆறேழு விநாடி மௌனம்தான் என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிகக் கொடிய காரியம். அவ்வளவு சுகமாக அதற்கு முன்னும் பின்னும் நான் சும்மா இருந்ததில்லை. லீடர் 'நான்தான்' என்றால் குறட்டையும் அவருக்குச் சொந்தமாகும். 'நானில்லை' என்றால் ஸ்கிரிப்ட் கைவிட்டுப் போகும். அவர் முகம் இரண்டுக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது.

"அது... வாத்தியார் எழுதினது, முசியே! சத்தியமா நானில்ல. இவருதான் தெனம் சாப்புடும்போது உங்களப் பத்தி இப்படிப் பேசுவாரு!"

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "எல்லா வரியும் உன்னுதுன்னு சொன்னியே."

கீழே தெருவில் ஐஸ்வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

முதலாளி அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "நான் குறட்டை விடுறனா?"

"லேசா, முசியே."

"அலோர்" என்றார். "எழுதினவரு இருக்கட்டும். அந்த வரி இப்பவே போவட்டும்." பிறகு என்னை நேராகப் பார்த்து, "உங்க மேசையத் தூக்கி என் கதவுப் பக்கத்துல போடுங்க. விடுறனா இல்லையான்னு தெனம் கேட்டுச் சொல்லணும். எழுதிட்டீங்க இல்ல, நிரூபிங்க" என்றார்.

வேலை நிலைத்தது. நான் அங்கே இருந்த வருடங்களெல்லாம், பகல் ஒரு மணியிலிருந்து மூன்றரைவரை, என் சாட்சியான அந்தக் குறட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றரைக்குக் கதவு திறக்கும். "இன்னிக்கு?" என்பார். "இல்ல, முசியே" என்பேன்.

மாதக் கடைசியில் லீடர் கிளம்பினார். படியிறங்கும் முன் என் மேசைக்கு வந்து கைகொடுத்தார். கை ஈரமாக இருந்தது.

"மனசுல எதுவும் வச்சிக்காதீங்க வாத்தியாரே."

"சேச்சே" என்றேன்.

பொய்யில்லை. மனதில் வைக்கவில்லை. பைக் கிளம்பும் சத்தம் கேட்டதும், முதலாளி அழிக்கச் சொன்ன வரி இருந்த இடத்தில் வேறொரு வரி அடித்தேன். எக்ஸ்-திருடன்: அரியாங்குப்பம், பைக்கில் போகிறான். விடுதி வேறு இணையதளத்துக்கு மாறும்வரை, கடல் பார்த்த அறை வேண்டும் என்று எந்தப் புதுமணத் தம்பதி கேட்டாலும், அவர்கள் பெயருக்கு முன்னால் அந்த வரி பிரான்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே யாரும் அதைப் படித்திருக்கமாட்டார்கள். நான் மட்டும் அவ்வப்போது, வேலை எதுவுமில்லாத மத்தியானங்களில், சரியாகப் போகிறதா என்று எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.