பஸ்ஸுக்கு உபதேசியார் சொன்ன அர்த்தம்

உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் போட்டு ஓட்டிய பஸ்ஸில்தான் நானும் என் வீட்டுக்காரரும் தா.பழூரிலிருந்து அரியலூருக்குப் புறப்பட்டோம். எனக்குத் தலைப்பிரசவம். வலி கண்டும் பிள்ளை இறங்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள்.

நாங்கள் பண்ணையில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம். எங்கள் சேரி ஆட்கள் பஸ்ஸில் ஏறலாம், உட்காரக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அன்று என்னால் நிற்க முடியவில்லை. காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஊரில் ஏறிய மிராசுதார் ஒருவர் என்னைப் பார்த்ததும் கண்டக்டரைக் கூப்பிட்டார். கண்டக்டர் வந்து என்னை எழுந்திருக்கச் சொன்னார். வலி கண்டிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கைகூப்பியும் பலனில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பினார். ஏலாக்குறிச்சி மாதா கோயில் உபதேசியார். சாமியார்களிடம் லத்தீன் படித்தவர்.

“பஸ்னா என்ன அர்த்தம்னு தெரியுமாப்பா? லத்தீன்ல ‘ஆம்னிபஸ்’னு ஒரு வார்த்தை. எல்லாருக்கும்னு அர்த்தம். வெள்ளக்காரன் ஊர்ல யார் வேணா ஏறிக்கலாம்னு ஓட்டுன குதிரவண்டிக்கு அந்தப் பேர வச்சாங்க. நாம தலைய வெட்டிட்டு வால மட்டும் வச்சுக்கிட்டோம்.”

கண்டக்டர் தலை குனிந்துகொண்டார். “அர்த்தம் சரிதாங்க. நாளைக்கும் நான் இந்த ரூட்டுல வரணுமே.”

உபதேசியார் எழுந்து, தன் இடத்தில் என்னை உட்காரச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் சட்டென்று எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். அதனால் பெஞ்சு முழுவதும் எனக்கே கிடைத்தது. காலை நீட்டிப் படுத்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். அழக்கூடத் தெம்பில்லாமல் மெலிந்து கிடந்தாள். அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நர்ஸம்மா சொல்லும்வரை என் வீட்டுக்காரர் வாசலை விட்டு நகரவில்லை.

ஊர் திரும்பும் நாளில் மாட்டுவண்டி பேசிவிட்டு வந்தார். நான் பஸ்ஸிலேயே போகலாம் என்றேன்.

“மறுபடியும் எந்திரிக்கச் சொல்லுவாங்க” என்றார்.

“சொல்லட்டும். எந்திரிக்க மாட்டேன்.”

பஸ்ஸில் ஏறி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதே கண்டக்டர். வழியில் ஏறிய ஒருவர் என்னைப் பார்த்து முணுமுணுத்தார். கண்டக்டர் காதில் விழாததுபோல அவருக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

என் பக்கத்தில் இடம் இருந்தது. உட்காரும்படி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஊர் வரும்வரை நின்றுகொண்டேதான் வந்தார்.