இரும்பு அலுமாரிக்குள் வைஃபை

கத்தாரிலிருந்து மகள் பேசும்போதெல்லாம் வீடியோ பாதியில் அறுந்துவிடும். என் ஏச்சுப் பொறுக்காமல் அவளே கோலை வெட்டுகிறாள் என்று நினைத்து, "இனி எனக்குக் கோல் எடுக்காத" என்று கத்திவிட்டேன். அவளும் எடுக்கவில்லை.

மனைவி வரவழைத்த இன்டர்நெட் லைன்காரர், வயர் போன வழியே வந்து எங்கள் இரும்பு அலுமாரியைத் திறந்தார். உள்ளே ரவுட்டர்.

"இத ஆரு இதுக்குள்ள வெச்ச?"

"நான்தான். நம்மட கல்லடி ஊர்க் கடல்காத்துக்குத் துருப்பிடிச்சிரும்."

"சிக்னலையும் சேத்துப் பூட்டிட்டீங்க அண்ணன்."

அதை வெளியே எடுத்து வைத்ததும் நானே மகளை அழைத்தேன்.

"அப்பா, நான் ஒருநாளும் வெட்டல்ல."

"ஓம் மகள், தெரியும்."

அவள் ஜன்னலில் இன்னும் வெயில். இங்கே வாவி அந்திநிறத்தில் அசையாமல் கிடந்தது. கத்திப் பழகிய வாய்க்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அவளும் வெட்டவில்லை.